புதிய லினக்ஸ் கணினியில் ஸ்பீக்கர் பேசவில்லையா?

புதிதாக வாங்கிய மடிக்கணினியில் உபுண்டுவோ லினக்ஸ் மின்ட்டோ நிறுவி முடித்தாயிற்று. திரை பளிச்சென்று இருக்கிறது, வைஃபை கிடைக்கிறது, வீடியோவும் ஓடுகிறது. சத்தம் மட்டும் இல்லை. இயர்போன் மாட்டினால் கேட்கிறது, கழற்றினால் கணினி ஊமையாகிவிடுகிறது. சிலருக்கு இயர்போனிலும் கேட்பதில்லை. பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு, வெளிநாட்டில் இருக்கும் வாப்பாவுடன் வெள்ளிக்கிழமைப் பேச்சு என்று வீடே அந்த ஒரு கணினியை நம்பி இருக்கும்போது இதைச் சின்னக் குறை என்று தள்ளிவிட முடியாது.

கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில் கிடைக்கும். ஒன்று, 'போர்டில் கோளாறு, மாற்ற வேண்டும்'. மற்றொன்று, 'லினக்ஸ் என்றால் இப்படித்தான், விண்டோஸ் போட்டுத் தருகிறேன்'. முதல் பதில் பல ஆயிரம் ரூபாய்ச் செலவு. இரண்டாவது, பெரும்பாலும் உரிமம் இல்லாத நகல். அடுத்தவர் உழைப்பை அனுமதியின்றி எடுத்துக்கொள்ளலாமா என்று யோசித்து, முறையாகவே இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸுக்கு வந்த குடும்பத்தைப் பழைய இடத்துக்கே திருப்பி அனுப்புகிற பதில் அது. ஆனால் புதிய கணினியில் ஸ்பீக்கர் பேசாததற்குக் காரணம் பெரும்பாலும் உடைந்த பாகம் இல்லை. தவறான இடத்துக்குத் திரும்பிய ஒரு தேர்வு, மூடிக்கிடக்கும் ஓர் ஒலியளவு, அல்லது அந்தக் கணினியை விட வயதான லினக்ஸ் கெர்னல், இம்மூன்றில் ஒன்றுதான் அனேகமாகக் காரணமாக இருக்கும். அவற்றை வீட்டிலிருந்தே எப்படிப் பார்ப்பது என்பதைத்தான் இங்கே சொல்கிறோம்.

ஒரு குறிப்பு. கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறோம். கணினியில் தட்டும்போது அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்ட வேண்டும்.

முதலில் ஸ்பீக்கர் நலமா என்று பாருங்கள்

கணினியைத் திருப்பிக் கொடுக்கவும் மாற்றிக்கொள்ளவும் விற்பவர் தரும் அவகாசம் சில நாட்கள்தான். அதனால் பாகத்தில் குறை இருக்கிறதா என்ற கேள்விக்கு முதலில் விடை தெரிய வேண்டும். கணினி விண்டோஸுடன் வந்திருந்தால் அதை அழிப்பதற்கு முன்னால் அதிலேயே ஒரு பாட்டையோ பேச்சையோ ஓடவிட்டுக் கேட்டுவிடுங்கள். அழித்துவிட்ட பிறகு இந்தச் சாட்சி கிடைக்காது.

விண்டோஸ் இல்லாமல், டாஸ் மட்டும் போட்டு விலை குறைவாக விற்கப்படும் கணினி என்றால் வேறு வழி இருக்கிறது. ஃபெடோராவின் அல்லது உபுண்டுவின் இன்றைய புதிய பதிப்பை ஒரு பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமல் அதிலிருந்தே கணினியைத் துவக்குங்கள். 'லைவ்' என்று இதைச் சொல்வார்கள். வட்டில் இருக்கும் எதையும் இது தொடுவதில்லை. அங்கே ஸ்பீக்கர் பேசினால் பாகம் நலம். நீங்கள் நிறுவியிருக்கும் பதிப்பு பழையது அல்லது அதில் ஓர் அமைப்பு மாறியிருக்கிறது என்று முடிவுக்கு வரலாம். அங்கேயும் பேசாவிட்டால் உடனே பாகத்தின் மேல் பழி போட்டுவிடக் கூடாது. மிகப் புதிய மாதிரிகளுக்கு லினக்ஸ் ஆதரவு சில மாதங்கள் பிந்தி வருவதுண்டு. பல தயாரிப்பாளர்கள் கணினியைத் துவக்கும்போதே ஒரு விசையை அழுத்தி நுழையும் சுயசோதனை வசதியைத் தந்திருக்கிறார்கள். எந்த இயங்குதளமும் இல்லாமல் ஓடுவது அது. அதில் ஸ்பீக்கர் சோதனை இருந்து, அதுவும் மௌனமாக இருந்தால், கணினியை மாற்றித் தரச் சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. இவ்வளவையும் செய்ய ஒரு மாலைப் பொழுது போதும்.

சத்தம் வரும் வழி

மொட்டைமாடித் தொட்டியிலிருந்து அடுக்களைக் குழாய்க்குத் தண்ணீர் வருவதை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி நிறைந்திருக்கும், குழாயும் திறந்திருக்கும். இடையில் ஒரே ஒரு வால்வு மூடியிருந்தால் சொட்டுக்கூட வராது. குழாயை மாற்றிப் பயனில்லை, எந்த வால்வு என்றுதான் பார்க்க வேண்டும்.

லினக்ஸில் சத்தம் உலாவி அல்லது வீடியோ செயலியில் பிறக்கிறது. அங்கிருந்து 'பைப்வயர்' என்ற சேவைக்குப் போகிறது. பழைய பதிப்புகளில் இந்த வேலையை 'பல்ஸ்ஆடியோ' பார்த்தது. ஃபெடோரா 2021லும் உபுண்டு 2022 இறுதியிலும் லினக்ஸ் மின்ட் 2024லும் பைப்வயருக்கு மாறின. எந்தச் செயலியின் சத்தம் எந்தக் கருவிக்குப் போக வேண்டும் என்று பிரித்து அனுப்புவது இந்தச் சேவைதான். அதற்குக் கீழே 'அல்சா'. இது கெர்னலுக்குள்ளேயே இருக்கும் ஒலிப் பகுதி, சிப்புடன் நேரடியாகப் பேசுவது. அதற்கும் கீழே ஒலிச் சிப், பிறகு ஒலியைப் பெருக்கும் சிறிய ஆம்ப்ளிஃபையர், கடைசியில் ஸ்பீக்கர். பழைய கணினிகளில் பெருக்கும் வேலையையும் ஒலிச் சிப்பே பார்த்துவிடும். இன்றைய மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ஆம்ப்ளிஃபையர் தனிச் சிப்பாக இருக்கிறது. இந்த மாற்றம்தான் பல வீடுகளில் தலைவலியைக் கொடுக்கிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

திரையிலேயே சரிசெய்யக் கூடியவை

விசைப்பலகையின் மேல் வரிசையில் ஒலியை அடைக்கும் விசை கை தவறி அழுந்தியிருக்கிறதா, உலாவியின் அந்தத் தாவல் மட்டும் அடைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதைச் சொல்லாமல் விட முடியாது.

அடுத்து செட்டிங்ஸில் 'சவுண்ட்' பகுதிக்குப் போய் 'அவுட்புட்' என்ற இடத்தில் எது தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். 'ஹெச்டிஎம்ஐ' அல்லது 'டிஸ்ப்ளேபோர்ட்' என்று இருந்தால் சத்தம் வெளித்திரைக்கு அனுப்பப்படுகிறது என்று பொருள். அங்கே ஸ்பீக்கர் இல்லாவிட்டால் அது காற்றில் கரைந்துவிடும். ஏஎம்டி செயலி உள்ள கணினிகளில் இது அடிக்கடி நேர்கிறது. கிராஃபிக்ஸ் சிப்புக்கு ஓர் ஒலிக் கருவி, ஸ்பீக்கருக்கு இன்னோர் ஒலிக் கருவி என்று இரண்டு இருக்க, கிராஃபிக்ஸுக்கு உரியதே பெரும்பாலும் முதல் எண்ணைப் பெற்றுவிடுகிறது. மேசைக் கணினியை ஹெச்டிஎம்ஐ கம்பியால் திரையுடன் இணைத்து, ஸ்பீக்கரைப் பின்பக்கம் பச்சை நிறத் துளையில் செருகியிருப்பவர்களுக்கும் இதே கதைதான். 'ஸ்பீக்கர்ஸ்' அல்லது 'லைன் அவுட்' என்று மாற்றினால் போதும்.

இங்கே தீராவிட்டால் 'பாவுகன்ட்ரோல்' என்ற சிறிய செயலியை நிறுவிக்கொள்ளுங்கள். மென்பொருள் அங்காடியில் 'பல்ஸ்ஆடியோ வால்யூம் கன்ட்ரோல்' என்ற பெயரில் இருக்கும். பெயர் பழையதானாலும் பைப்வயரிலும் நன்றாக வேலை செய்யும். லினக்ஸ் கணினி வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் இது இருக்கட்டும் என்பது நமது கருத்து, ஏனென்றால் எந்த வால்வு மூடியிருக்கிறது என்பதை இது கண்ணால் காட்டிவிடுகிறது. வீடியோவை ஓடவிட்டு 'பிளேபேக்' தாவலைப் பாருங்கள். செயலியின் பெயருக்குக் கீழே பட்டை துள்ளினால் செயலி சத்தத்தை அனுப்புகிறது. 'அவுட்புட் டிவைசஸ்' தாவலில் ஸ்பீக்கருக்குக் கீழேயும் பட்டை துள்ளினால் பைப்வயரும் தன் கடமையைச் செய்துவிட்டது, அடைப்பு அதற்குக் கீழேதான். வேறு ஏதோ கருவியின் கீழே துள்ளினால் சத்தம் வழிமாறிப் போகிறது. கடைசியில் உள்ள 'கான்ஃபிகரேஷன்' தாவலில் ஒவ்வொரு ஒலிக் கருவிக்கும் ஒரு 'புரொஃபைல்' இருக்கும். அது 'ஆஃப்' என்றிருந்தால் அந்தக் கருவி எங்குமே தலைகாட்டாது. 'அனலாக் ஸ்டீரியோ டூப்ளெக்ஸ்' என்பதுதான் சாதாரணமாக இருக்க வேண்டியது.

எல்லாம் சரியாகத் தெரிந்தும் சேவை மட்டும் குழம்பியிருக்கலாம். டெர்மினலில் 'சிஸ்டம்சிடிஎல்' என்ற கட்டளையை, இரட்டைச் சிறு கோட்டுடன் 'யூசர்' என்றும், பிறகு 'ரீஸ்டார்ட்', 'பைப்வயர்', 'வயர்பிளம்பர்' என்றும் இடைவெளி விட்டுத் தட்டினால் கணினியை மறுபடி துவக்காமலே ஒலிச் சேவை புதிதாகத் துவங்கும். இதற்கு 'சூடோ' சேர்க்கக் கூடாது. இந்தச் சேவை கணினிக்குப் பொதுவானதாக இல்லாமல் உள்நுழைந்திருக்கும் பயனருடையதாக ஓடுவதே காரணம்.

'டம்மி அவுட்புட்' என்று வந்தால்

அவுட்புட் பட்டியலில் 'டம்மி அவுட்புட்' என்ற ஒன்று மட்டுமே இருந்தால் ஒலியளவைக் கூட்டிக் குறைத்துப் பலனில்லை. கெர்னலுக்கு ஒலிக் கருவியே கண்ணில் படவில்லை. அதனால் பைப்வயர் ஒரு போலிக் கருவியை வைத்துக்கொண்டு சமாளிக்கிறது. டெர்மினலில் 'ஏபிளே' என்று தட்டி, இடைவெளி விட்டு, சிறு கோடும் 'எல்' எழுத்தும் சேர்த்துப் பாருங்கள். கருவிகளின் பட்டியல் வர வேண்டும். ஒன்றுமே இல்லை என்று பதில் வந்தால் மேலே சொன்னது உறுதி.

இன்டெல் செயலி உள்ள அண்மைக் கால மடிக்கணினிகளில் இதற்குப் பெரிய காரணம் ஒன்று உண்டு. உள்ளே இருக்கும் டிஜிட்டல் மைக் வரிசையை இயக்க, செயலிக்குள் ஒலிக்கென்றே தனியாக ஒரு சிறு செயலி இருக்கிறது. அது வேலை செய்ய வேண்டுமானால் 'சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர்' என்ற கோப்புகள் லினக்ஸில் இருக்க வேண்டும். சுருக்கமாக 'சோஃப்' என்பார்கள். கோப்பு இல்லையென்றால் மைக்குடன் சேர்ந்து ஸ்பீக்கரும் மறைந்துவிடும். டெபியனில் இந்தக் கோப்புகளின் பொதிக்குப் பெயர் 'ஃபர்ம்வேர்-சோஃப்-சைன்ட்'. ஃபெடோராவில் 'அல்சா-சோஃப்-ஃபர்ம்வேர்', ஆர்ச்சில் 'சோஃப்-ஃபர்ம்வேர்'. இத்தகைய கோப்புகளை டெபியன் 2023 ஜூனில் வந்த 12ஆம் பதிப்பிலிருந்துதான் நிறுவும் வட்டிலேயே சேர்த்துத் தருகிறது. அதற்கு முந்தைய டெபியனை நிறுவியவர்கள் 'நான்-ஃப்ரீ' களஞ்சியத்தைத் திறந்துவிட்டுத் தனியாக நிறுவ வேண்டும். நிறுவியதும் கணினியை முழுவதும் அணைத்துத் துவக்குங்கள்.

உடனடியாகச் சத்தம் வேண்டும், மைக் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பவர்களுக்கு ஒரு தற்காலிக வழி உண்டு. 'இடிசி' அடைவுக்குள் உள்ள 'மாட்புரோப்.டி' என்ற அடைவில் ஒரு கோப்பை உருவாக்கி, அதில் ஒரே வரி எழுத வேண்டும். முதலில் 'ஆப்ஷன்ஸ்' என்ற சொல். இடைவெளி விட்டு, எஸ்என்டி, இன்டெல், டிஎஸ்பிசிஎஃப்ஜி என்ற மூன்று துண்டுகளையும் சிறு கோட்டால் இணைத்த பெயர். மீண்டும் இடைவெளி விட்டு, டிஎஸ்பி, டிரைவர் என்ற இரண்டையும் அடிக்கோட்டால் இணைத்து, சமக்குறி போட்டு 1. இது பழைய முறை டிரைவரைக் கட்டாயமாக்குகிறது. ஸ்பீக்கர் பேசும், ஆனால் உள்ளிருக்கும் டிஜிட்டல் மைக் போய்விடும். ஆன்லைன் வகுப்பில் பிள்ளை பதில் சொல்ல வேண்டும் என்றால் மைக் உள்ள இயர்போன் தேவைப்படும். மிகப் புதிய சில மாதிரிகளில் ஸ்பீக்கரே 'சவுண்ட்வயர்' என்ற வேறு தடத்தில் இணைக்கப்பட்டிருக்கிறது. அவற்றில் இந்த வழி உதவாது. கோப்பை அழித்துவிட்டால் பழைய நிலை திரும்பிவிடும் என்பதால் முயன்று பார்ப்பதில் கேடில்லை.

இயர்போனில் கேட்கிறது, ஸ்பீக்கரில் இல்லை

அதிகமானோர் வந்து நிற்பது இந்த இடத்தில்தான். டெர்மினலில் 'அல்சாமிக்சர்' என்று ஒரே சொல்லாகத் தட்டுங்கள். நெடுநெடுவென்று கம்பங்கள் வரும். முதலில் 'மாஸ்டர்' என்ற ஒரு கம்பம் மட்டும் தெரிந்தால் ஏமாந்துவிடாதீர்கள். அது பைப்வயரின் முகமூடி. எஃப்6 விசையை அழுத்தி உண்மையான ஒலிக் கருவியைத் தேர்ந்தெடுங்கள். அப்போதுதான் 'ஸ்பீக்கர்', 'ஹெட்போன்', 'பிசிஎம்' என்று எல்லாக் கம்பங்களும் வரும். கம்பத்தின் அடியில் இரண்டு 'எம்' எழுத்துகள் இருந்தால் அந்த வால்வு மூடியிருக்கிறது. அங்கே போய் 'எம்' விசையை அழுத்தினால் இரண்டு வட்டங்களாக மாறித் திறந்துகொள்ளும். மேல் அம்பு விசையால் அளவை உயர்த்துங்கள்.

வலப்பக்கமாக நகர்ந்து போனால் சில கணினிகளில் 'ஆட்டோ-மியூட் மோட்' என்ற ஒன்று இருக்கும். இயர்போன் செருகினால் ஸ்பீக்கரைத் தானாக அடைப்பது அதன் வேலை. இயர்போன் துளையில் தூசியோ பஞ்சோ சிக்கி, செருகியிருப்பதாகவே கணினி நினைத்துக்கொண்டால் ஸ்பீக்கர் எப்போதும் அடைந்தே கிடக்கும். பாவுகன்ட்ரோலில் ஸ்பீக்கருக்கு எதிரே 'அன்பிளக்ட்' என்று காட்டினாலும் இந்தச் சந்தேகம் வர வேண்டும். இயர்போனை நாலைந்து முறை செருகி எடுங்கள், துளையை ஊதிச் சுத்தம் செய்யுங்கள். தீராவிட்டால் ஆட்டோ-மியூட்டை 'டிஸேபிள்ட்' ஆக்குங்கள். எஸ்கேப் விசையால் வெளியே வந்து, 'சூடோ அல்சாசிடிஎல் ஸ்டோர்' என்று தட்டினால் இந்த அமைப்பு அடுத்த முறையும் நிலைத்திருக்கும்.

எல்லா வால்வும் திறந்திருக்கிறது, பட்டையும் துள்ளுகிறது, ஸ்பீக்கர் மட்டும் மௌனம் என்றால் பார்வையைத் தனி ஆம்ப்ளிஃபையரின் பக்கம் திருப்புங்கள். ஒலிச் சிப் ரியல்டெக் நிறுவனத்துடையதாக இருக்கும், அது லினக்ஸுக்கு நெடுநாள் பழக்கம், அதனால் இயர்போன் பேசிவிடும். ஸ்பீக்கருக்கு முன்னால் நிற்கும் ஆம்ப்ளிஃபையர் சிர்ரஸ் லாஜிக் அல்லது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தயாரித்த வேறு சிப். அதை எழுப்பிவிட லினக்ஸுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மடிக்கணினிகளில் உள்ள சிர்ரஸின் சிஎஸ்35எல்41 சிப்புக்கு அந்த அறிவு 2022 மார்ச்சில் வந்த 5.17 கெர்னலில் சேர்ந்தது. டெக்சாஸின் டிஏஎஸ்2781 சிப்புக்கு 2023 அக்டோபரில் வந்த 6.6 கெர்னலில் சேர்ந்தது. உபுண்டு 22.04இன் முதல் வெளியீடும் லினக்ஸ் மின்ட் 21உம் 5.15 கெர்னலுடன் வந்தவை. நண்பர் எப்போதோ பதிவிறக்கிக் கொடுத்த பென்டிரைவில் இருந்து அவற்றை நிறுவினால் புதிய கணினியின் ஸ்பீக்கர் பேசாமல் போவதில் வியப்பில்லை.

உங்கள் கெர்னல் எது என்று அறிய 'யூநேம்' என்று தட்டி, இடைவெளி விட்டு, சிறு கோடும் 'ஆர்' எழுத்தும் சேருங்கள். எண் பழையதாக இருந்தால் புதியதற்கு மாறலாம். லினக்ஸ் மின்ட்டில் 'அப்டேட் மேனேஜர்' செயலியின் 'வியூ' பட்டியலில் 'லினக்ஸ் கெர்னல்ஸ்' என்ற இடத்தில் சொடுக்கியே நிறுவலாம். உபுண்டு நீண்ட கால ஆதரவுப் பதிப்புகளில் புதிய வன்பொருளுக்கென்று 'ஹெச்டபிள்யூஇ' என்ற கெர்னல் வரிசை உண்டு, டெபியனில் 'பேக்போர்ட்ஸ்' உண்டு. பழைய கெர்னல் அழியாமல் துவக்கப் பட்டியலில் இருக்கும், ஒத்துவராவிட்டால் அதற்கே திரும்பலாம். இவ்வளவு சுற்றாமல் அந்த இயங்குதளத்தின் புதிய பதிப்பையே நிறுவிவிடுவது, கோப்புகள் அதிகம் சேராத புதிய கணினிக்கு இன்னும் எளிது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஆம்ப்ளிஃபையரை எழுப்புவதாகச் சொல்லி, சிப்புக்குள் நேரடியாக எண்களை எழுதும் ஸ்கிரிப்ட்கள் இணையத்தில் உலாவுகின்றன. உங்கள் மாதிரிக்கு என்று உறுதியாகத் தெரியாத எதையும் ஓடவிடாதீர்கள். இந்தச் சிறிய ஸ்பீக்கர்கள் தாங்கும் அளவை மீறி மின்சாரம் போனால் கருகிவிடும். ஆப்பிளின் எம் வரிசை மடிக்கணினிகளுக்கு லினக்ஸைக் கொண்டுவந்த அசாஹி குழுவினர், சூட்டைக் கணித்து ஒலியைக் குறைக்கும் பாதுகாப்பு மென்பொருள் தயாராகும் வரை ஸ்பீக்கரைத் திறந்துவிடவே மறுத்துவிட்டார்கள். அந்தப் பொறுமை நமக்கும் வேண்டும். அதேபோல, 'பல்ஸ்ஆடியோவை நீக்கிவிடு' என்று சொல்லும் பத்துப் பதினைந்து வருடப் பழைய ஆலோசனைகளையும் பின்பற்றாதீர்கள். ஒன்றை நீக்கப்போய் அதைச் சார்ந்த வேறு பலவும் சேர்ந்து நீங்கிவிடுவதுண்டு.

விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் இருந்தால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி இயங்கினால், அணைத்தாலும் அது முழுமையாக அணைவதில்லை. ஒலிச் சிப்பை அது விட்டுப்போன நிலையிலிருந்து லினக்ஸால் சில கணினிகளில் மீட்க முடிவதில்லை. அந்த வசதியை நிறுத்திவிட்டு, கணினியை முழுவதும் அணைத்து, சற்றுப் பொறுத்து லினக்ஸில் துவக்குங்கள்.

உதவி கேட்கும்போது

இவ்வளவுக்குப் பிறகும் தீராவிட்டால் தெரிந்தவர்களிடம் கேட்பதுதான் வழி. 'சத்தம் வரவில்லை' என்று மட்டும் சொன்னால் யாராலும் உதவ முடியாது. கணினியின் முழு மாதிரிப் பெயர் அடிப்பக்க ஒட்டுத்தாளில் இருக்கும். அதனுடன் லினக்ஸின் பெயர், பதிப்பு எண், கெர்னல் எண், ஏபிளே கட்டளை காட்டிய பட்டியல், இயர்போனில் கேட்கிறதா, லைவ் பென்டிரைவில் கேட்டதா என்பதையும் எழுதுங்கள். 'அல்சா-இன்ஃபோ' என்ற ஸ்கிரிப்ட் பல பதிப்புகளில் முன்பே இருக்கிறது. ஒலி சம்பந்தப்பட்ட விவரம் அனைத்தையும் ஒரே அறிக்கையாக எடுத்துத் தரும். அதை இணையத்தில் ஏற்றட்டுமா என்று கேட்கும்போது, வேண்டாம் என்றால் கணினியிலேயே சேமித்துக்கொள்ளலாம்.

பதில் வரும் வரை வகுப்பும் வாப்பாவின் அழைப்பும் காத்திருக்காது. யூஎஸ்பி துளையில் செருகும் சிறிய ஒலி அட்டை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பெரும்பாலானவை தனி டிரைவர் எதுவும் இல்லாமலே லினக்ஸில் செருகியவுடன் வேலை செய்யும். அதில் சாதாரண ஸ்பீக்கரையோ மைக் உள்ள இயர்போனையோ மாட்டிக்கொள்ளலாம். செருகியதும் அவுட்புட் பட்டியலில் அதைத் தேர்வு செய்ய மறக்க வேண்டாம். உள்ளிருக்கும் ஸ்பீக்கர் பின்னொரு நாள் கெர்னல் புதுப்பித்தலில் பேசத் தொடங்கினால் அதே இடத்தில் மாற்றிக்கொள்ளலாம்.